குருவின் மூக்கில் ஒரு பரு

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். பெரிய குரு சமாதியான பின் குருவாக அமர்ந்தவருக்கு வயது இருபத்தொன்று. சீடர் ஆவுடையப்பனுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. மடத்துச் சமையலும் அவர் பொறுப்பு, குருவின் மானமும் அவர் பொறுப்பு. இரண்டாவதை யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது.

தைப்பூசத்தன்று இளைய குருவின் முதல் சொற்பொழிவு. முந்தின நாள் காலை, அவர் மூக்கு நுனியில் சிவப்பாக ஒரு பரு எழும்பி நின்றது. கன்னத்தில் ஏற்கெனவே இருந்த நாலைந்துக்கும் அதுதான் பட்டத்து யானை.

ஆவுடையப்பனுக்கு ஊர்ப் பேச்சை நினைத்துக் கவலை. ‘பருகூட ஆறாத பையனா நமக்குக் குரு?’ என்று ஒருவன் கேட்டால் போதும். உலைவாயை மூடத் தெரிந்தவருக்கு ஊர்வாயை மூட வழி தெரியவில்லை.

எலுமிச்சம்பழத்தோடு வந்தார். குரு தலையை ஆட்டி மறுத்தார். பற்பசையோடு வந்தார்.

“அது பல்லுக்கு, ஐயா.”

கடைசியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஒரே அமுக்கு, சாமி. சனியன் வெளிய வந்துரும்.”

குரு சிரித்தார்.

“ஞானிக்கும் பரு வருமா, சாமி?” சீடரின் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

குரு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். “அந்த மூக்கு வச்ச எண்ணெய்க் கிண்டி ஏன் மூலையில கெடக்கு?”

“மூக்கு அடைச்சிட்டு, சாமி. பிசுக்கும் தூசியும் சேந்து கட்டிப்போச்சு.”

“எண்ணெய் கெட்டதோ?”

“செக்குல ஆட்டின நல்லெண்ணெய், சாமி!”

“கம்பிய விட்டுக் குத்த வேண்டியதுதானே?”

“பழைய கிண்டிய அப்படித்தான் குத்திக் கீறிட்டேன். கீறல் போகவே இல்ல. இத வெந்நீர்ல ஊறப்போட்டு மெதுவாத்தான்…”

ஆவுடையப்பன் தம் விரல்களைப் பார்த்தார். மெல்லக் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“தோலு காஞ்சுபோகாம இருக்க உள்ள எண்ணெய் ஊறுது, ஐயா” என்றார் குரு. “இந்த வயசுல கொஞ்சம் தாராளமா ஊறுது. உதிர்ற தோல் அதோட சேந்து துவாரத்த அடைச்சிருது. உள்ள கிருமி பெருகிச் செவந்துபோகுது. நமக்காக ஊறினதப் போயி சனியன்னு சொல்லலாமா?”

“அப்ப என்னதான் செய்ய?”

“காலையும் ராத்திரியும் லேசான சோப்புப் போட்டு மெதுவாக் கழுவுதேன். போட்டுத் தேய்க்கதில்ல. கொஞ்ச வாரம் பாப்போம். ஆறலைன்னா தோல் டாக்டர்ட்ட போவோம்.”

“நான் செய்ய ஒரு கைவைத்தியம்கூடவா இல்ல?”

“கை வைக்காம இருக்கதுதான் கைவைத்தியம்.”

மறுநாள் மண்டபம் நிறைந்தது. குரு வந்து அமர்ந்ததும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தூணோரம் நின்ற ஆவுடையப்பனுக்குக் காது சுட்டது. குரு மூக்கை மறைக்கவில்லை. விளக்கின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து பேசினார்.

பெண்கள் பக்கம் ஒரு பெண், கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். குருவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள். பக்கத்திலிருந்த தாயை நிமிர்ந்து பார்த்தாள். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் அந்தத் தாய் ஆவுடையப்பனிடம் வந்தாள்.

“காலேஜுக்கும் மூடிக்கிட்டுத்தான் போவா, அண்ணாச்சி. வீட்டுலகூட எம் மொகத்த நிமிந்து பாக்க மாட்டா. இன்னைக்குப் பாத்துட்டா. சாமிகிட்ட நான் ரொம்பக் கும்பிட்டேன்னு சொல்லுங்க.”

ஆவுடையப்பன் ஓட்டமும் நடையுமாகக் குருவிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

“அந்தப் பருவுக்கு ஒரு கும்பிடு போடணும், சாமி” என்று, நேற்று அமுக்கப் போன அதே கையைக் குருவின் மூக்கை நோக்கி நீட்டினார்.

குரு முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நல்லாக் கும்பிடுங்க, ஐயா. தொட்டுக் கும்பிடாதீங்க.”