சாலையைப் பார்த்த சோபா

"வாசல் வரைக்கும் வர்றாங்க, மேடம். வந்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க. ஏன்?"

கேட்டவர் இசக்கிராஜ். தோல் டாக்டர். தென்காசியில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, புதிதாகக் கிளினிக் திறந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் ஞானசௌந்தரி. அவரும் தோல் டாக்டர். மெடிக்கல் காலேஜில் இசக்கிராஜுக்குப் பாடம் எடுத்தவர். கோபக்காரர். அவர் கோபத்துக்குப் பயந்தே பாதிப் பேருக்குப் படை ஆறிவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

அவர் கிளினிக் கடைத்தெருவில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்தது. கடைக்குள் நுழைந்துதான் மாடியேற வேண்டும். இறங்குவதற்குப் பின்பக்கம் வேறு படி. அது காய்கறி மார்க்கெட்டில் கொண்டுபோய் விடும்.

பாத்திரக்கடைக்காரருக்கு டம்ளர் வியாபாரம் அமோகம். மாடியேறுகிற பெண்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள்.

மத்தியானம். கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. ஞானசௌந்தரி டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"இந்தப் பொந்துக்குள்ள இவ்வளவு கூட்டம்" என்றார் இசக்கிராஜ். "நான் ஏசி போட்டிருக்கேன். ஈ கூட உள்ள வரலை. ஏதாவது மருந்து ரகசியமா வச்சிருக்கீங்களா மேடம்?"

"இருக்கு. அதைத்தான் மெடிக்கல் ஷாப்ல ஊருக்கே விக்கிறான்."

"கிண்டல் பண்ணாதீங்க. நான் சீரியஸா கேக்கறேன்."

"உன் போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"படை, தேமல், சொறி, சிரங்கு, வெண்புள்ளி, பால்வினை நோய். எல்லாம் தனித்தனிக் கலர்ல. லைட் போட்டா தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம்."

ஞானசௌந்தரி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

"நேத்து ஒரு அம்மா வந்தாங்க" என்றார் இசக்கிராஜ். "கூட ஒரு பாப்பா. கன்னத்துல வெளுப்பா ஒரு திட்டு. படியில கால் வச்சாங்க. ரோட்டைத் திரும்பிப் பார்த்தாங்க. இறங்கிப் போயிட்டாங்க. முந்தின நாளும் அப்படித்தான்."

"நீ என்ன பண்ணே?"

"விடுவேனா? நானே ரோட்டுல இறங்கிக் கூப்பிட்டேன்."

"என்னன்னு?"

"அம்மா, பாப்பாவுக்கு வெண்புள்ளியான்னு பார்க்கணும், அவ்வளவுதானே, இப்பவே பார்த்திடலாம், ஃபீஸ் வேண்டாம்னு."

"சத்தமாவா?"

"பஸ் இரைச்சல்ல அவங்களுக்குக் கேக்கணுமே மேடம்."

ஞானசௌந்தரி சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பவுடர் திட்டுன்னாங்க. முந்தானையால பாப்பா முகத்தை மூடிக்கிட்டு ஆட்டோல ஏறிட்டாங்க. என்னைப் பார்த்த பார்வையை நினைச்சா... நான் நல்லதுதானே மேடம் பண்ணேன்?"

"அடேய்" என்றார் ஞானசௌந்தரி. தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சேங்கொட்டை வைக்கிற ஆள் ஒருத்தன் இருக்கான்" என்றார் இசக்கிராஜ். "திட்டு மேல வச்சுக் கொப்புளம் கிளப்பிடுவான். அங்க போனவங்க முகத்தை நான் பார்த்திருக்கேன். அவன்கிட்ட போறாங்க. என்கிட்ட வர மாட்டாங்க. எனக்கு எதுக்கு இந்தத் தொழில்? கிளினிக்கை மூடப்போறேன் மேடம். சென்னையில முடி நடுற கம்பெனி ஒண்ணு கூப்பிடுது. நாளைக்குப் பதில் சொல்லணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஞானசௌந்தரி பாக்ஸை மூடினார்.

"நாளைக்குத்தானே? இன்னைக்குச் சாயங்காலம் உன் கிளினிக்குக்கு வர்றேன். அதுக்கப்புறம் எங்க வேணா போ."

"வந்து என்ன பண்ணப்போறீங்க?"

"வாயை மூடிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

சாயங்காலம் ஞானசௌந்தரி வந்தார். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. உள்ளே பளீரென்று விளக்கு. சிவப்பு சோபா ஒன்று, சாலையைப் பார்த்து. சோபாவில் உட்கார்ந்தால் எதிரே பஸ் ஸ்டாப். பஸ் ஸ்டாப்பில் நின்றால் எதிரே சோபா.

"நகைக்கடை மாதிரி இருக்கு" என்றார் ஞானசௌந்தரி.

இசக்கிராஜுக்கு முகம் மலர்ந்தது. "அதே ஆள்தான் மேடம் செஞ்சான். பஜார்ல பெரிய நகைக்கடை எல்லாம் அவன் வேலைதான்."

"உட்காரு."

"நீங்க உட்காருங்க மேடம்."

"உன்னைத்தான் சொன்னேன். சோபாவுல."

உட்கார்ந்தார்.

"உனக்குப் படைன்னு வச்சுக்கோ. ரொம்ப நாளா. அரிப்பு தாங்கலை. சொறிஞ்சுக்கோ."

"எங்க மேடம்?"

"தொடை இடுக்குல."

இசக்கிராஜ் சிரித்தார். ஞானசௌந்தரி சிரிக்கவில்லை.

"மேடம்..."

"எக்ஸாம்ல பக்கம் பக்கமா எழுதினியே, எங்க எங்க வரும், எப்படி அரிக்கும்னு. இப்ப சொறி."

இசக்கிராஜ் வலது கையை மடியில் வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். பூக்கூடையோடு ஒருத்தி. காலேஜ் பெண்கள் நாலைந்து பேர். வேட்டி கட்டிய ஒருவர், தெரிந்தவர் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"என்ன?" என்றார் ஞானசௌந்தரி.

"எல்லாரும் பார்க்கறாங்க மேடம்."

"யாரு பார்க்கறா? நல்லா பாரு."

நன்றாகப் பார்த்தார். பூக்காரி சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஒரே போனில் தலைகளைக் கவிழ்த்திருந்தார்கள். வேட்டிக்காரர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இப்ப சொறி."

கை முழங்காலிலேயே இருந்தது.

பஸ் வந்தது. கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனது. பஸ் ஸ்டாப் காலியாகிவிட்டது.

அப்போதும் கை எழவில்லை. கழுத்து மட்டும் வியர்த்திருந்தது, ஏசியிலும்.

"நேரமாச்சு" என்றார் ஞானசௌந்தரி. "சென்னைக்காரனுக்கு என்ன சொல்லப்போறே?"

இசக்கிராஜ் எழுந்தார். சோபாவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது கனமான சோபா. அரை அடி நகர்ந்து நின்றுவிட்டது.

ஞானசௌந்தரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார்.

"தூக்குடா. தரையில கோடு விழுந்தா அதுக்கும் என்கிட்ட வந்து அழுவே."

இருவருமாகத் தூக்கி, சாலையிலிருந்து யாருக்கும் தெரியாத உள்மூலையில் போட்டார்கள். இசக்கிராஜ் மூச்சு வாங்கினார். சுவிட்சுப் பலகைக்குப் போய், வெளியே எரிந்த கலர் போர்டை அணைத்தார்.

திரும்பி வந்து, சுவரில் சாய்ந்து நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம். இந்நேரம் அந்தப் பாப்பாவை சேங்கொட்டைக்காரன்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

"போகலை."

ஞானசௌந்தரி அதைச் சொன்ன வேகத்தில் இசக்கிராஜ் நிமிர்ந்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும்..."

"ஒண்ணும் இல்லை. சின்னப் பிள்ளைங்க கன்னத்துல வர்ற தேமல். அதுபாட்டுக்குப் போயிடும்."

"உங்ககிட்ட வந்தாங்களா மேடம்?"

"யாரு?"

"அந்த அம்மா."

"எந்த அம்மா?"

இசக்கிராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் முகம் போல இருந்தது.

மத்தியானம்தான் அந்த அம்மா கதை முழுவதையும் இசக்கிராஜ் அவரிடம் சொல்லியிருந்தார். பத்து வருடத்துக்கு முன் எந்த மாணவன் எந்தக் கேள்விக்கு என்ன உளறினான் என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவர் ஞானசௌந்தரி.

"எந்த அம்மாப்பா?" என்றார் மறுபடியும்.

இசக்கிராஜ் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ஒருத்தரும் இல்லை, மேடம்" என்றார்.