ஒடியா பக்கத்தில் ஒரு பெயர்

நூலகங்களுக்கான அந்தக் கட்டற்ற மென்பொருளை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்ல ஓர் ஆலோசகர் பட்டியல் உண்டு. பதினொரு மொழிகள், மொழிக்கு ஒரு பக்கம். நாகர்கோவிலில் இருந்தபடி அதைப் பராமரித்து வந்தவள் ஜெசிந்தா. வயது முப்பத்திரண்டு.

அவளிடம் வேலை கற்க வந்தவர் பொன்னுரங்கம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தன் மகள் வயதுள்ளவளை அவர் "டீச்சர்" என்றுதான் அழைத்தார்.

பட்டியலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆலோசகரையும், அவர் பெயர் எந்த மொழிப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே கூப்பிட வேண்டும். "எங்கள் நூலகத்தில் புத்தகப் பட்டியல் திறக்கவில்லை. உதவுவீர்களா?" இந்தக் கேள்வி பதினொரு மொழிகளிலும் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதே மொழியில் பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டும்.

அன்று பொன்னுரங்கம் ஒடியா கேள்வியை எழுத்துக்கூட்டி வாசித்தார். மறுமுனையில் திவாகர் என்ற ஆலோசகர். "மன்னிக்கணும், இங்கிலீஷில் பேசுங்கள்" என்றார், இங்கிலீஷில்.

பொன்னுரங்கம் போனை வைத்தார். பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"என்ன ஆச்சு, போஸ்ட்மாஸ்டர் சார்?"

"திவாகருக்கு ஒடியா வரல, டீச்சர்."

"அப்ப அடிங்க."

"அந்தப் பக்கத்துல அவர் ஒருத்தர்தான். அடிச்சா பக்கம் காலி. காலிப் பக்கத்தை வெள்ளிக்கிழமை புதுப் பதிப்புல தூக்கிடுவாங்க. ஒரு மொழியே போயிடும்."

ஜெசிந்தா மின்னஞ்சல்களில் எதையோ தேடத் தொடங்கினாள். அவர் விடவில்லை.

"மனுஷன் நல்லவர். கையேட்டுல பாதி அவர் எழுதினது. பேர் சும்மா இருந்துட்டுப் போகட்டுமே? யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒடியாவில் ஒரு மின்னஞ்சல். அடியில் கணினி பெயர்த்த தமிழ். ஒரு பள்ளி நூலகர் எழுதியிருந்தார்.

'நான்கு முறை கூப்பிட்டேன். அவர் பேசுவது எனக்குப் புரியவில்லை. பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. நான் தப்பான எண்ணைக் கூப்பிடுகிறேனா?'

பொன்னுரங்கம் இரண்டு முறை படித்தார்.

"உங்க போஸ்ட் ஆபீஸ்ல, ஆள் இல்லாத வீட்டுக்குக் கடிதம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்புவோம்."

"எழுதாம, உள்ளே வீசிட்டு வந்துட்டா?"

"எழுதினவர் பதிலுக்குக் காத்துக்கிட்டே கிடப்பார்."

அவர் பேனாவைத் திறந்து பெயரை அடித்தார். ஜெசிந்தா அதைத் திரையிலிருந்தும் எடுத்தாள். காலியான இடத்தில் கணினி பெயர்த்த ஒடியாவில் இரண்டு வரி ஒட்டினாள். கீழே ஒரு பெயரையும் எண்ணையும் தட்டினாள்.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். "டீச்சர்! இது என் பேரு, என் நம்பர்!"

"ஆமா. மேலே 'இந்த மொழிக்கு இப்போது ஆலோசகர் இல்லை, தேடுகிறோம்'னு போட்டிருக்கேன். பொறுப்புக்கு ஒரு பேர் இருந்தா பக்கத்தை விட்டுவைப்பாங்க."

"விளையாடாதீங்க. எனக்கு ஒடியாவுல ஒரு வார்த்தை தெரியாது. அந்த நூலகர் கூப்பிட்டா நான் என்னத்தச் சொல்ல?"

ஜெசிந்தா ஒரு துண்டுத்தாளில் ஒடியா வாக்கியம் ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதி, கண்ணாடிக்கு அடியில் செருகினாள்.

"இதைப் படிச்சுப் பழகுங்க, சார். அர்த்தம் இதுதான்: 'எனக்கு ஒடியா தெரியாது. அது தெரிஞ்ச ஒருத்தரோட நாளைக்கு நானே கூப்பிடுறேன்.'"