உள்பக்கம் திறக்கும் கதவு

குன்றடி மடத்துக் கூடத்தில் சாமி காலைப் பாடத்தைத் தொடங்கப்போன நேரத்தில், அஞ்சுகம் கையில் ஈரப் புடவையோடு வந்து நின்றாள்.

"எனக்கு இன்றைக்குப் பாடம் வேண்டாம், சாமி. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்."

சாமிக்கு வயது நாற்பதுதான். அஞ்சுகம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் சீடராக வந்தவள். அவள் குரல் இப்படி ஏறும்போது அவர் குறுக்கே பேசுவதில்லை.

"உள்ளே எல்லையில்லாத வெளி இருக்கிறது என்று நேற்று முழுக்கச் சொன்னீர்கள். நாச்சியம்மை அக்கா குளிக்க ஒரு நாற்காலி போட இந்த மடத்தில் இடமில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

கூடத்தை ஒட்டியிருந்த சாமான் அறையைத்தான் பெண்களுக்குக் குளியலறையாக மாற்றியிருந்தார்கள். முட்டி உடைந்ததிலிருந்து, மடத்திலேயே தங்கியிருந்த நாச்சியம்மையால் தரையில் உட்கார முடியாது. நாற்காலியை உள்ளே போட்டால் கதவைச் சாத்த முடியாது. அதனால் அவள் குளித்து முடிக்கும்வரை அஞ்சுகம் வாசலில் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"இன்றைக்குக் காற்றில் புடவை விலகிவிட்டது. உங்களைப் பார்க்க வந்தவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் சிரித்தார். அக்கா தலையைக்கூடத் துவட்டாமல் பையில் துணியை எடுத்து வைத்துவிட்டாள். தம்பி மகன் வீட்டுக்குப் போகிறாளாம். அந்த வீட்டில் அவளுக்குச் சோறு போடுவார்கள். பேச ஆள் இருக்காது."

வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருந்த நாச்சியம்மை திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க டீச்சர். என் முட்டிக்காக மடத்தையா நகர்த்த முடியும்?"

"நீங்கள் சும்மா இருங்கள் அக்கா."

"இருக்கிற இடத்தில் ஏதாவது செய்து பார்த்தீர்களா, அம்மா?" என்றார் சாமி.

அஞ்சுகத்துக்கு இன்னும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செய்யாமல்? அண்டாவை வெளியே தள்ளினேன். மூலையில் பலகை அடித்து சோப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். வாளியை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். இனிச் சுவரைத்தான் சுரண்ட வேண்டும்."

சாமி எழுந்து குளியலறைக்குள் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்துங்கள்."

அஞ்சுகம் சாத்தினாள். கதவு அவர் முட்டியில் இடித்து நின்றது.

"இன்னும் கொஞ்சம்."

மறுபடியும் இடித்தது. அவள் கை சற்று வேகமாகவே தள்ளியிருந்தது.

"வலிக்கிறதா, சாமி?"

"வலிக்கிறது. இந்தக் கதவு ஏன் உள்பக்கம் திறக்கிறது?"

"கொத்தனார் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரிதான் வைக்கப் போனார். நான் விடவில்லை."

"ஏன்?"

"வெளியே திறந்தால் உங்கள் ஆசனப் பலகையில் இடிக்கும். உங்கள் குரு பெரியசாமி தன் காலமெல்லாம் உட்கார்ந்த பலகை. குளியலறைக் கதவு போய் அதில் இடிப்பதா? கொத்தனாரைப் பிடித்து நன்றாகத் திட்டினேன்."

சொல்லும்போதே அந்தப் பழைய கோபமும் சேர்ந்துகொண்டு அவள் முகம் சிவந்தது.

சாமி வெளியே வந்தார். ஆசனத்தின் மேலிருந்த பாயைச் சுருட்டினார். பலகையைத் தூக்கினார். அடியில் கட்டமாகத் தூசி படிந்திருந்தது. பலகையைக் கூடத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டார்.

"தச்சரை வரச் சொல்லுங்கள், அம்மா. கதவைத் திருப்பிப் போடட்டும்."

அஞ்சுகம் தூசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன நியாயம், சாமி? பலகையை எங்கே வேண்டுமானாலும் போடலாம். இது பெரியசாமி உட்கார்ந்த இடம். உடம்பு விழுகிற அன்றைக்குக்கூட இதை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை பேர் இங்கே விழுந்து கும்பிட்டிருக்கிறோம்."

"ஆமாம்."

"நான் அக்காவுக்காகத்தான் சண்டை போட வந்தேன். கொஞ்சம் இடம் வேண்டும் என்றுதான் கேட்டேன். குருவின் இடத்தையா கேட்டேன்?"

சாமி நாச்சியம்மையின் பையை எடுத்துக்கொண்டு வந்து அவள் அறை வாசலில் வைத்தார்.

"வேறு யாருடைய இடத்தைக் கேட்டீர்கள், அம்மா?"

அஞ்சுகம் கையிலிருந்த ஈரப் புடவையைக் கொடியில் உலர்த்திவிட்டு, தச்சர் வீட்டுக்குப் போனாள்.