கத்தரியை மடக்கிய நறுக்கி

அந்தக் காலத்தில் செல்களும் நொதிகளும், ஏன், வைரஸ்களும்கூட வாய்விட்டுப் பேசும். ஓர் எருமைக் கன்றின் தொண்டையில் செல்கள் வீடு வீடாக ஒட்டி நின்றன. அந்த வீடுகளில் வேலை பார்த்தவை நொதிகள். ஒரு வீட்டில் முடைச்சி என்ற நொதி புரத நூல் பின்னுவாள். நறுக்கி என்ற நொதி அதை வாசலில் வைத்து வெட்டுவாள். வெட்டினால்தான் நூல் உதவும். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சைக் காட்டினால் யார், எவர் என்று கேட்காமல் வெட்டிக் கொடுப்பது நொதிகளின் வழக்கம்.

இது வைரஸுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கு வீடும் கிடையாது, கத்தரியும் கிடையாது. தன் சட்டையில் அதே மாதிரி ஒரு முடிச்சு மட்டும் போட்டுக்கொண்டு வந்தது. முடிச்சை வெட்டினால் சட்டை திறக்கும், உள்ளே நுழைந்துவிடலாம்.

பக்கத்து வீட்டில் அப்படித்தான் நுழைந்தது. தன்னைப் போலவே ஆயிரமாயிரம் செய்துகொண்டது. அந்த வீடு வெடிக்கும் முன், அங்கே வெட்டும் நொதியின் குரல் வந்தது: "நறுக்கி! தெரியாம வெட்டிக் கொடுத்துட்டேன்டி. நீயாவது ஏமாறாதே!"

கன்றுக்கு மூச்சு இழுத்தது.

"அவன் மூஞ்சியைப் பார்த்து வச்சு விரட்டுவோம்," என்றாள் முடைச்சி.

"எந்த மூஞ்சியை? வீட்டுக்கு வீடு சட்டை மாத்துறானே. ஆனா எந்தச் சட்டையில வந்தாலும் வெட்ட என்கிட்டதானே வரணும்?"

சொல்லிவிட்டு நறுக்கி கத்தரியை மடக்கினாள்.

"அடிப் பாவி, அப்போ நம்ம நூல்? வீடே பட்டினி கிடக்குமே!"

"கிடக்கட்டும். வீடு இருந்தா அப்புறம் பின்னிக்கலாம். நீயும் தறியை நிறுத்து."

வைரஸ் வந்தது. "அக்கா, இந்த ஒரு முடிச்சு மட்டும்..."

"இன்னிக்கு வேலை இல்லை."

"உங்க வீட்டு நூலே குவிஞ்சு கிடக்கு. எத்தனை நாளைக்கு இந்த வீம்பு?"

"உன்னைவிட ஒரு நாள் கூட."

சட்டையைத் தானே திறக்கத் தெரியாத வைரஸ் வாசலிலேயே வாடியது. காவல் செல்கள் வந்து கூட்டி அள்ளின. இதைப் பார்த்து வீட்டுக்கு வீடு கத்தரிகள் மடங்கின. வேலை நின்றுபோனதால் கன்று புல்லைத் தொடாமல், காது தொங்கக் கிடந்தது. பிறகு வைரஸ் ஒழிந்த ஒரு காலையில் எழுந்து தாயின் மடியை முட்டியது. மெலிந்துபோன நறுக்கி உடனே கத்தரியை விரித்தாள். இன்னும் தாமதித்திருந்தால் வீடு தாங்கியிருக்காது. அந்த வீம்பை எங்கே நிறுத்துவது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

காய்ச்சல் கண்ட உடம்பு எல்லா வேலையையும் விட்டுச் சுருண்டு படுப்பது அன்று முதல்தான். மாறிக்கொண்டே இருக்கும் வைரஸைத் துரத்திக் களைத்த மருந்து ஆராய்ச்சிக்காரர்கள், நம் செல்லுக்குள்ளேயே இருக்கும் நொதியிடம் வந்து, "கொஞ்ச நாள் சும்மா இரேன், தாயே" என்று கேட்கப் பழகியதும் அவளைப் பார்த்துத்தான்.