நட்சத்திரத்துக்குப் புறப்பட்ட தேங்காய்

மரமும் பறவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடற்கரையில் முத்தாரி என்றொரு தென்னை இருந்தாள். அப்போது தேங்காய்க்கு நாரும் கிடையாது, ஓடும் கிடையாது. கொய்யாப்பழம் மாதிரி மெல்லிய தோல்தான்.

முத்தாரிக்கு ஒரே ஆசை. தன் பிள்ளைகளில் ஒருத்தியாவது நட்சத்திரத்தில் போய் வேர்விட வேண்டும். கடைக்குட்டிக்கோ அம்மாவைவிட அவசரம். "எப்பம்மா என்னை அனுப்புவ?" என்று நாள் தவறாமல் நச்சரித்தாள்.

ஊர் ஊராகச் சுற்றும் ஆலாப்பறவை இதைக் கேட்டுச் சிரித்தது. "ஏ முத்தாரி, அதென்ன பக்கத்து ஊரா? போய்ச் சேர எத்தனை வருசமோ! நடுவழியில சொட்டுத் தண்ணி கிடையாது. உன் பிள்ளை வத்தலாப் போயிருவா."

போக வேண்டாம் என்று சொல்லத்தான் முத்தாரி வாயெடுத்தாள். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. "அப்படின்னா கட்டுச்சோறோட அனுப்புறேன்" என்றாள்.

வேர் உறிஞ்சிய நல்ல தண்ணீரையெல்லாம் மகளின் வயிற்றில் நிரப்பினாள். சுற்றிலும் வெள்ளைப் பருப்பை அப்பினாள். தண்ணீர் கசியாமலிருக்க ஓடு, அடிபடாமலிருக்க நார் மெத்தை. போய்ச் சேர்ந்ததும் முளை வெளியே வர வழி வேண்டாமா? ஒரு கண் போதும்தான். பெற்ற மனசாயிற்றே, மூன்று வைத்தாள்.

பலமாகக் காற்றடித்த ஓர் இரவில் பின்னுக்கு வளைந்து, மகளை வானத்தைப் பார்த்து வீசினாள். தேங்காய் எழும்பியது, இன்னும் எழும்பியது, பிறகு தொப்பென்று கடலில் விழுந்தது. அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஐயோ, என் மகளே!" என்று முத்தாரி அலறினாள். மாதக்கணக்காக அவள் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை.

ஒருநாள் காலையில் ஆலா மூச்சிரைக்கப் பறந்து வந்தது. "ஏ முத்தாரி! உன் மகளைப் பாத்தேன்! எங்கேயோ ஒரு தீவுல, வெள்ளை மணல்ல முளைச்சு நிக்கிறா. மேலயும் நட்சத்திரம், தண்ணிக்குள்ளயும் நட்சத்திரம், நடுவுலதான் மிதந்து வந்தாளாம். அவ நிக்கிறது நட்சத்திரந்தான்னு சத்தியம் பண்றா! நான் என்னத்தச் சொல்ல?"

"அதை விடு. வழியில தண்ணி பத்துச்சான்னு கேட்டியா?"

"மிச்சமே இருந்துச்சாம்!"

முத்தாரி அழுதாள், ஓலையெல்லாம் சலசலக்கச் சிரித்தாள். "அப்ப அது நட்சத்திரந்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவளுக்குக் கட்டுச்சோறு கட்ட உட்கார்ந்தாள்.

அன்று பிடித்துத்தான், எந்தத் தென்னையும் தன் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை.