உப்புக் கரித்த தாரை

கடைகளுக்கு நல்ல தண்ணீர் சுமந்து கொடுப்பதே பிச்சாண்டியாரின் பிழைப்பு. ஊருக்கு வெளியே, கூரையிழந்த சிறு கோயிலில் ஒரு லிங்கத் திருமேனி வெயிலில் நின்றது. கோடை பிறந்ததும் அதன் முடிக்கு மேலே, அடியில் துளையிட்ட தாரைச் செம்பைக் கட்டித் தொங்கவிடுவார். பகலெல்லாம் சொட்டு அறாமல் அதை நிரப்பி வருவதே அவர் வழிபாடு. வேறு பூசை அறியார்.

நடுவயதில் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வாரந்தோறும் சில நாட்கள் நகரத்து மருத்துவமனைக்குப் போய், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரையும் அளந்தே குடிக்கச் சொன்னார்கள். ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்த இடக்கையில் பாரம் தூக்கலாகாது. தொழில் போயிற்று. வலக்கையால் சிறு குடம் ஒன்றை இறைவருக்கு மட்டும் சுமந்தார். நா வறண்டு ஒட்ட, நீர் சொட்டும் ஓசையைக் கேட்டபடி தனியே உட்கார்ந்திருப்பார்.

“இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன், அம்மா?” என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டார்.

“அது ஆளுக்கு ஆள் மாறும், ஐயா. ஒழுங்கா வந்துபோறவங்க பல வருஷம் இருக்காங்க. வராம விட்டா நாள்கணக்குதான்.”

மருத்துவமனை நாட்களில் அவர் மனைவி பேராச்சி செம்பை நிரப்புவார். ஒரு பங்குனியில் அவர் காலமானார். கோடை வந்தது. மருத்துவமனைக்குப் போகும் நாளும் வந்தது. கோயிலருகே தேநீர்க் கடை வைத்திருந்த உலகநாதனிடம், அன்று மட்டும் செம்பை நிரப்பும்படி பிச்சாண்டியார் கெஞ்சினார்.

“ஒமக்கே தண்ணி ஆகாது, அண்ணாச்சி. ஒம்ம சாமிக்கு மட்டும் எதுக்கு? அவருக்கும் கிட்னி போயிருக்கான்னு கேட்டுட்டு வாரும்!”

கடை பெஞ்சே சிரித்தது.

போகாமல் இருந்துவிடலாமா என்று நின்றார். பேருந்து வரும் நேரமாயிற்று. “இந்த உடம்பும் உம்ம கை தொங்கவிட்ட செம்புதானே, சாமி. உடைக்க எனக்கு என்ன உரிமை?” செம்பைத் தளும்ப நிரப்பிவிட்டு அழுதபடியே ஏறினார்.

உடம்பில் தங்கிய நீரை இயந்திரம் மெல்ல மெல்ல எடுத்தது. நண்பகல் ஆயிற்று. இந்நேரம் செம்பு வற்றியிருக்கும். “உம்ம தலை காயுதே, சாமி. எங்கிட்ட இருக்கிறது இந்தத் தண்ணிதான்,” என்று முனகிக் கண்களை மூடினார்.

மாலையில் திரும்பியபோது, உலகநாதன் திருமேனியின் முன்னே தரையில் உட்கார்ந்திருந்தார். செம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

“கேலி பண்ணத்தான் மத்தியானம் வந்தேன், அண்ணாச்சி. காஞ்சு கிடந்துச்சு. பார்த்துக்கிட்டே இருக்கேன், சொட்ட ஆரம்பிச்சிருச்சு. யாரும் ஊத்தல.” ஒரு துளியை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார். “நம்ம கிணத்துத் தண்ணி இனிச்சுல்லா கிடக்கும்? இது உப்புக் கரிக்குதே!”

பிச்சாண்டியார் அருகே போனார். திருமேனியில் கை வைத்தார். கல் குளிர்ந்திருந்தது. அன்று அவருக்குத் தாகமே எடுக்கவில்லை.

அதன்பின் பல கோடைகள் இருந்தார். மருத்துவமனை நாட்களில் உலகநாதனே செம்பை நிரப்பினார். அன்பர் உடல் கழித்த நீரையும் திருமஞ்சனமாகத் தம் முடியில் ஏற்றார் இறைவர். அவரை அப்படி இரங்க வைத்த அந்தத் தாகம் வாழ்க.