கீழைக் குளத்துக்குப் போய் வந்த காடை

மழைக்கு முன்பே பயம் வந்துவிடும் காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அங்கே ஒரு புல்வெளியில் காடைகள் தரையிலேயே கூடு கட்டி வாழ்ந்தன. முட்டையிட்டுவிட்டால் போதும், பாம்பை நினைத்து அவற்றுக்குத் தூக்கமே வராது. அதனால் பருவத்துக்குப் பருவம் ஒரு காவலரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அவருக்கே காவல்.

அந்தத் தடவை போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் ஆள்காட்டிக் குருவி. நிழல் அசைந்தாலும் கத்திக் காட்டையே கூட்டிவிடும். இன்னொருவர் உடும்பு. பேச்சென்றால் அப்படி ஒரு இதம்!

“நான் பாம்பையே தின்கிறவன். கீழைக் குளத்துக் கௌதாரிகளுக்குப் போன பருவத்திலிருந்து நான்தான் காவல். அங்கே ஒரு பாம்பு தலைகாட்டியதா? என்மேல் குறை சொல்லி ஒரு கௌதாரியாவது இங்கே வந்ததா?” என்றது உடும்பு.

“வரவில்லை, வரவில்லை” என்றன காடைகள்.

ஆள்காட்டி சொன்னது: “போன தடவை என் காவலில் இரண்டு கூடுகள் பறிபோயின. கத்தினேன், பாய்ந்து கொத்தினேன், காப்பாற்ற முடியவில்லை. இந்தத் தடவையும் கத்துவேன், கொத்துவேன். அதற்குமேல் என்னால் சத்தியம் செய்ய முடியாது.”

“இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறது பார்” என்று காடைகள் சிரித்தன.

செம்பி என்ற காடை சிரிக்கவில்லை. அது முதன்முதலாக முட்டையிட்டிருந்தது. பாம்புப் பயத்தில் அதற்கும் உடும்பின் பின்னால் ஓடிப்போய் நிற்கத்தான் ஆசை. ஆனால் மனத்தை ஏதோ உறுத்தியது. காடைக் கூட்டத்தில் மழை பெய்தாலும் குறை, பெய்யாவிட்டாலும் குறை. கௌதாரிகள் மட்டும் எப்படி வாயே திறக்காமல் இருக்கும்?

மறுநாள் சாயங்காலம் தேர்தல். செம்பி காலையிலேயே கணவனைக் கூட்டில் உட்கார வைத்தது. “எது நடந்தாலும் எழுந்திருக்காதே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

கீழைக் குளத்தில் கௌதாரிகள் கூவினால் காது அடைக்கும் என்பார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை. புதருக்குப் புதர் கூடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஒரே ஒரு கௌதாரி மட்டும் தன் கூட்டில் உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இங்கே பாம்பு வருமா?” என்று செம்பி கேட்டது.

“வராது. உடும்பு விடாது. அது உண்மைதான்.”

“குஞ்சுகள் எங்கே?”

கௌதாரி மெல்ல எழுந்து நின்றது. அதன் அடியில் உடைந்த ஓடுகள்தான் இருந்தன. “பாம்புக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை அம்மா” என்றது.

செம்பி ஓடுகளுக்கு அருகே போய்ப் பார்த்தது. “எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அதன் பின்னால் போய் நின்றது நாங்கள்தானே. எந்த முகத்தோடு வந்து சொல்வது? நீங்களும் யாரும் வந்து கேட்கவில்லை.”

செம்பி மூச்சிரைக்கத் திரும்பி ஓடியது. புல்வெளிக்கு வந்தபோது உடும்பின் பின்னால் நீண்ட வரிசை. அதில் செம்பியின் கணவனும் நின்றுகொண்டிருந்தது! அப்படியானால் கூட்டில் யாரும் இல்லை. உடும்பின் நாக்கு அந்தத் திசையிலேயே நீண்டு நீண்டு மடங்கியது.

செம்பி உடும்புக்கு எதிரே போய் நின்றது. பயந்துகொண்டே கேட்டது: “கீழைக் குளத்திலிருந்து ஒரு குஞ்சைக் கூட்டிக்கொண்டு வா. ஒன்றே ஒன்று போதும்.”

“பச்சைக் குஞ்சுகளம்மா, இவ்வளவு தூரம் எப்படி நடக்கும்?” என்றது உடும்பு.

“போன பருவத்துக் குஞ்சுகள் இந்நேரம் பறக்க வேண்டுமே?”

உடும்பு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. வரிசையில் நின்றவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

முதலில் நகர்ந்தது, போன தடவை முட்டைகளைப் பறிகொடுத்த ஒரு தாய்க் காடை. “என் கூடு போனபோது இந்த ஆள்காட்டி பாம்புக்கு முன்னால் சிறகை விரித்து நின்றது. நான் பார்த்தேன்” என்று சொல்லிக்கொண்டே அதன் பின்னால் போய் நின்றது. ஒவ்வொன்றாக மற்றவையும் நகர்ந்தன.

“நான் போனால் பாம்பு வரும்” என்றது உடும்பு.

வரும் என்று எல்லாருக்கும் தெரியும். நடுங்கிக்கொண்டேதான் நின்றன. ஆனால் ஒன்றுகூட இடம் மாறவில்லை. உடும்பு புதருக்குள் போய் மறைந்தது.

செம்பி கூட்டுக்கு ஓடியது. குனிந்து பார்க்கப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. எல்லாம் இன்னும் சூடாக இருந்தன.

நீதி: ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவர் காவலில் முன்பு வாழ்ந்தவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள்.